200 மி.கி. காஃபீன் மாத்திரை: புட்டி சொல்வதும் மூளைக்குள் நடப்பதும்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் மேசைகளிலும் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்பவர்களின் பைகளிலும் இப்போது அடிக்கடி கண்ணில் படும் பொருள்களுள் ஒன்று, மாத்திரை ஒன்றுக்கு 200 மில்லிகிராம் காஃபீன் என்று அச்சிடப்பட்ட சிறிய பிளாஸ்டிக் புட்டி. இணையக் கடையில் அதை வாங்கிச் சில வாரங்கள் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஏறத்தாழ இதே அளவில், இதே வாசகங்களோடு பல நிறுவனங்கள் விற்பதால், சொல்லப்போவது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற எண்ணத்தில் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். மாத்திரை வேலை செய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால் "உடனடி ஆற்றல்", "டோபமைனை உயர்த்தும்", "பின்சோர்வு இல்லை" என்று புட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வாசகங்களை நம்பி வாங்குபவர், தாம் விழுங்குவது உடலில் என்ன செய்கிறது என்று தெரியாமலே விழுங்குகிறார். மருந்தியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அந்த வாசகங்களைப் படித்துவிட்டுச் சும்மா இருப்பது கடினம்.

ஆற்றல் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். இந்த மாத்திரையில் உடலுக்கு எரிபொருளாகக் கூடிய எதுவும் இல்லை. செல்களின் ஆற்றல் நாணயமான ஏடிபி என்ற மூலக்கூற்றைக் காஃபீன் கூடுதலாக உண்டாக்கித் தருவதும் இல்லை. ஏடிபி செலவாகிச் சிதையும்போது கடைசியில் மிஞ்சுகிற அடினோசின் என்ற பொருளின் செய்தி நரம்பணுக்களைச் சென்று சேராமல் மறிப்பதுதான் அது செய்யும் வேலை. ஆகவே இந்தப் பொருளின் தரத்தை அளக்க வேண்டுமானால், அடினோசின் மூளையில் என்ன செய்கிறது என்பதை அளவுகோலாக வைத்துத்தான் அளக்க முடியும்.

நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் பொருள்களை நரம்புக்கடத்திகள் என்பார்கள். அடினோசின் ஒரு வழக்கமான நரம்புக்கடத்தி அன்று. குளூட்டமேட், காபா, அசிட்டைல்கோலின் போன்றவை நரம்பு முனையில் நுண்பைகளில் அடைத்து வைக்கப்பட்டு, மின்துடிப்பு வந்ததும் வெளியே கொட்டப்படுகின்றன. அடினோசினுக்கு அப்படியொரு சேமிப்புக் கிடங்கு இருப்பதாகத் தெரியவில்லை. நரம்பு முனைகளும் அவற்றைச் சூழ்ந்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களும் வெளியிடும் ஏடிபியைச் செல்லின் புறப்பரப்பில் உள்ள நொதிகள் படிப்படியாக வெட்டி அடினோசினாக்குகின்றன. செல்லுக்குள் உருவாகும் அடினோசினும் சவ்வில் உள்ள கடத்திப் புரதங்களின் வழியாக வெளியே வருகிறது. அதைத் திரும்ப உள்ளே இழுத்து அடினோசின் கைனேஸ் என்ற நொதி மீண்டும் பாஸ்பேட் ஏற்றிவிடுகிறது. இந்த வரவு செலவின் விளைவாக, அமைதியான நிலையில் செல்களுக்கு வெளியே நானோமோலார் என்ற மிக நுண்ணிய அளவில் எப்போதும் சிறிதளவு அடினோசின் இருந்துகொண்டே இருக்கிறது. நரம்பணுக்கள் கடுமையாக உழைக்கும்போதோ ஆக்சிஜன் குறையும்போதோ வலிப்பு ஏற்படும்போதோ அந்த அளவு பல மடங்கு ஏறுகிறது. எவ்வளவு ஏடிபி செலவாயிற்று என்ற கணக்கு, செலவு செய்த இடத்திலேயே, ஒரு மூலக்கூற்றின் வடிவில் கிடைத்துவிடுகிறது என்பது இந்த ஏற்பாட்டின் அழகு.

இந்தக் கணக்கு நரம்புக்கடத்திகளின் வெளியீட்டைக் கட்டுப்படுத்துகிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. 1929ஆம் ஆண்டு டிரூரியும் சென்ட்-கியோர்கியும் அடினோசினும் அதைச் சார்ந்த சேர்மங்களும் விலங்குகளின் இதயத் துடிப்பை மந்தப்படுத்துவதைக் காட்டினர். மூளை அப்போது பேச்சிலேயே இல்லை. 1970இல் சாட்டினும் ராலும் கினி எலியின் மூளைப் புறணித் துண்டுகளில் செல்லுக்குள் செய்தி கடத்தும் சுழல் ஏஎம்பி என்ற மூலக்கூற்றின் அளவை அடினோசின் உயர்த்துவதையும், காஃபீன் குடும்பத்தைச் சேர்ந்த மெத்தில்சாந்தீன்கள் அதைத் தடுப்பதையும் கண்டனர். காஃபீன் எதன் மேல் வேலை செய்கிறது என்ற கேள்விக்கு முதல் தெளிவான துப்பு அங்கேதான் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1972இல், கின்ஸ்பர்கும் ஹர்ஸ்டும் எலியின் உதரவிதானத் தசைக்குச் செல்லும் நரம்பில் அடினோசினை இட்டுப் பார்த்தபோது, நரம்பு முனையிலிருந்து வெளியாகும் அசிட்டைல்கோலின் குறைந்தது. ஒவ்வொரு நுண்பைக்குள்ளும் இருந்த சரக்கு குறையவில்லை, ஒரு துடிப்புக்கு வெளியே கொட்டப்படும் நுண்பைகளின் எண்ணிக்கைதான் குறைந்தது. பெறுகிற தசையின் உணர்திறனைத் தொடாமல், அனுப்புகிற நரம்பின் கையைக் கட்டிப்போடும் பொருள் இது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பின்னர் மூளையில் நார்அட்ரினலின், குளூட்டமேட், டோபமைன், செரட்டோனின் என்று நரம்புக்கடத்திகள் ஒவ்வொன்றிலும் அதே கதை உறுதியாயிற்று.

அந்தக் கட்டிப்போடுதல் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் மாத்திரையின் முழு விளைவும் இந்த ஓர் இடத்தில் தங்கியிருக்கிறது. மின்துடிப்பு நரம்பு முனையை அடைந்ததும் அங்குள்ள கால்சியம் வாயில்கள் மில்லிநொடிக்கும் குறைவான நேரம் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியம், சவ்வோடு ஒட்டி ஆயத்தமாக நிற்கும் நுண்பைகளை வெடிக்கச் செய்கிறது. நரம்பு முனையின் சவ்வில் ஏ1 என்ற ஏற்பி, அதாவது அடினோசினின் செய்தியைப் பெறும் புரதம், இருக்கிறது. அடினோசின் அதில் பொருந்தியவுடன், ஏற்பியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஜி புரதம் இரண்டாகப் பிரிந்து, அதன் ஒரு துண்டு நேரே கால்சியம் வாயிலில் போய் ஒட்டிக்கொண்டு அது திறப்பதைத் தாமதப்படுத்துகிறது. கால்சியம் சிறிது குறைந்தால் வெளியீடும் சிறிதுதானே குறையும் என்று தோன்றலாம். அங்கேதான் கணக்கு மாறுகிறது. தவளையின் நரம்புத் தசைச் சந்திப்பில் 1967இல் டாட்ஜும் ரஹமிமோஃபும் அளந்து காட்டியபடி, வெளியீடு கால்சியத்தின் ஏறத்தாழ நான்காம் படியை ஒட்டி ஏறி இறங்குகிறது. கால்சியம் 20 விழுக்காடு குறைந்தால் வெளியீடு ஏறத்தாழ 60 விழுக்காடு சரிந்துவிடும். நானோமோலார் அளவில் இருக்கும் ஒரு பொருள் மூளையின் பேச்சையே தாழ்த்த முடிவதன் மர்மம் இந்தப் பெருக்கத்தில் இருக்கிறது. இது போதாதென்று, பெறும் நரம்பணுவின் பக்கத்திலும் ஏ1 ஏற்பிகள் பொட்டாசியம் வாயில்களைத் திறந்து அதை எளிதில் கிளர்ந்தெழாமல் வைக்கின்றன.

எல்லா நரம்புக்கடத்திகளையும் அடினோசின் ஒரே மாதிரி அடக்குவதில்லை. முதிர்ந்த எலிகளின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் செய்த ஆய்வுகளில், கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் வெளியீடு வெகுவாகக் குறைந்தது. அடக்கும் வேலையைச் செய்யும் காபாவின் வெளியீடு பெரிதாக மாறவில்லை. உழைத்துக் களைத்த பகுதியில் கிளர்ச்சியை மட்டும் தாழ்த்தி, அடக்கத்தை விட்டுவைக்கும் இந்தச் சார்புநிலைதான் அடினோசினை மூளையின் சொந்த வலிப்புத் தடுப்பானாகவும் ஆக்குகிறது. காஃபீனின் உறவினரான தியோஃபிலின் அளவு மீறும்போது ஏன் வலிப்பு வருகிறது என்பதும் இதிலிருந்து பெருமளவு விளங்கும்.

இனி மாத்திரைக்கு வருவோம். காஃபீனின் வடிவம் அடினோசினின் ஒரு பகுதியை ஒத்திருப்பதால் அது ஏற்பியில் பொருந்திக்கொள்கிறது, ஆனால் ஏற்பியை இயக்குவதில்லை. புறநகர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போன்றதுதான் இது: இருக்கையில் யாரும் உட்காரவில்லை, உட்கார வந்தவருக்கும் இடமில்லை. 200 மி.கி. காஃபீன் சுமார் 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் நீரில் பரவும்போது, உத்தேசக் கணக்கில் 20 முதல் 25 மைக்ரோமோலார் செறிவு கிடைக்கும். ஏ1, அடினோசினின் இன்னோர் ஏற்பியான ஏ2ஏ ஆகிய இரண்டிலும் பெரும்பங்கை மறிக்க அது போதுமானது. பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியைத் தடுப்பது, செல்லுக்குள் உள்ள கால்சியக் கிடங்குகளைத் திறப்பது என்று பழைய பாடநூல்கள் சொல்லும் மற்ற விளைவுகளுக்கு இதைப் போலப் பல மடங்கு செறிவு தேவை. அந்த அளவுக்குப் போவதற்கு முன்பே மனிதர் நச்சுத்தன்மைக்கு ஆளாகிவிடுவார். புட்டியோடு வந்த துண்டுத்தாளில் "நொதிகளைத் தூண்டிக் கொழுப்பை எரிக்கும்" என்று எழுதியிருந்த வரியை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால் போதும்.

"டோபமைனை உயர்த்தும்" என்ற வாசகம் முழுப் பொய் அன்று. அதுதான் அதன் தொல்லை. மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் ஏ2ஏ ஏற்பிகள் மிக அடர்த்தியாக உள்ளன. ஏ1 அடக்கினால் ஏ2ஏ தூண்டும்: அது வேறொரு ஜி புரதத்தோடு இணைந்து சுழல் ஏஎம்பியை உயர்த்துகிறது, நரம்பு முனையில் இருக்கும்போது வெளியீட்டை அதிகரிக்கவும் செய்கிறது. புறணியிலிருந்து ஸ்ட்ரையேட்டத்துக்கு வரும் குளூட்டமேட் முனைகளில் இந்த இரண்டு ஏற்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கூட்டாகச் செயல்படுகின்றன என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அடினோசின் குறைவாக இருக்கும்போது ஏ1 முந்திக்கொண்டு குளூட்டமேட் வெளியீட்டைக் குறைக்கிறது. அடினோசின் மிகும்போது ஏ2ஏ இயங்கத் தொடங்கி ஏ1இன் பிடியைத் தளர்த்துகிறது. ஒரே மூலக்கூறு, ஒரே முனை, அளவுக்கேற்ப எதிரெதிரான இரண்டு கட்டளைகள்! இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் இதுபோல என்னைத் திரும்பத் திரும்ப இழுத்தவை சிலவே.

அதே ஸ்ட்ரையேட்டத்தில், டோபமைனைப் பெறும் நரம்பணுக்களில் ஒரு வகையின் மேல் ஏ2ஏ ஏற்பியும் டோபமைனின் டி2 ஏற்பியும் அருகருகே அமர்ந்து ஒன்றையொன்று எதிர்க்கின்றன. காஃபீன் ஏ2ஏயை மறித்தவுடன் டி2வின் கை ஓங்குகிறது, இருக்கிற டோபமைனே கூடுதலாகப் பேசுவது போன்ற விளைவு உண்டாகிறது. 2015இல் மனிதர்களிடம் செய்யப்பட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், காஃபீனுக்குப் பிறகு ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் வெளியீடு கூடியதற்கான அறிகுறி தென்படவில்லை. டி2, டி3 ஏற்பிகள் கிடைக்கும் அளவுதான் கூடியிருந்தது. விலங்குகளில் சில பகுதிகளில் வெளியீடே கூடியதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு, அவற்றை மறுக்கும் ஆய்வுகளும் உண்டு. இவ்வளவு நுட்பமான ஒன்றைப் புட்டிக்காரர் இரண்டு சொற்களில் முடித்துவிட்டார். ஏ2ஏயை மட்டும் குறிவைத்து மறிக்கும் இஸ்ட்ராடெஃபிலின் என்ற மருந்து பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அந்நோயின் வழக்கமான மருந்தான லெவோடோபாவோடு சேர்த்துக் கொடுக்க 2013இல் ஜப்பானிலும் 2019இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றிருப்பதும் இதே உறவின் பயன்தான். எலிகளில் ஏ2ஏ ஏற்பியின் மரபணுவை நீக்கிவிட்டால் காஃபீன் அவற்றை விழித்திருக்கச் செய்வதில்லை என்று 2005இல் கண்டறிந்தார்கள். ஏ1 மரபணுவை நீக்கிய எலிகளோ வழக்கம்போல் விழித்திருந்தன. ஆகவே மாத்திரை போட்ட பின் தூக்கம் கலைவதற்கு இந்த ஏ2ஏதான் முக்கியக் காரணம் என்று கொள்ளலாம்.

"பின்சோர்வு இல்லை" என்பதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை, அது உண்மையல்ல. பூனைகளைத் தொடர்ந்து விழித்திருக்கச் செய்தபோது முன்மூளையின் அடிப்பகுதியில் அடினோசின் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே போனதையும், தூங்கவிட்டதும் மெல்லக் குறைந்ததையும் 1997இல் அளந்திருக்கிறார்கள். காஃபீன் இந்தச் சேர்மானத்தைத் தொடுவதில்லை. ஏற்பியை மறித்து நிற்கும் வரை அடினோசின் வெளியே கூடிக்கொண்டே இருக்கும். காஃபீனின் அரை ஆயுள், அதாவது உடலில் உள்ள அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், பெரும்பாலோருக்கு 5 மணி நேரத்தை ஒட்டியது. அது கரையக் கரைய, காத்திருந்த அடினோசின் வந்து அமர்கிறது. பிற்பகலில் மாத்திரை போட்ட நாள்களில் எனக்கு இரவு எட்டு மணிவாக்கில் கண்ணிமைகள் கனத்ததும், அப்படிக் கனத்தும் படுத்தவுடன் தூக்கம் வராததும் ஒருசேர நிகழ்ந்தன. கரைந்தும் கரையாத நிலையின் அடையாளம் அது. 400 மி.கி. காஃபீனைப் படுக்கைக்கு 6 மணி நேரம் முன்பு எடுத்துக்கொண்டவர்களின் தூக்கம்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. நாள்தோறும் எடுத்துவந்தால் உடல் ஏ1 ஏற்பிகளைக் கூட்டி ஈடுகட்டுவதை விலங்காய்வுகள் காட்டுகின்றன. திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்குவதும் நன்கு பதிவானதே.

பொருளாக எடுத்துக்கொண்டால் மாத்திரையில் குறை சொல்ல அதிகமில்லை. மேற்பூச்சு இல்லாததால் நாக்கில் பட்டவுடன் கசப்பு தாக்குகிறது, தண்ணீர் கையில் இல்லாமல் வாயில் போடக் கூடாது. நடுவே ஒரு கோடு இருப்பது இதன் மிகச் சிறந்த அம்சம். ஆனால் கையால் ஒடித்தால் ஒரு பாதி பெரிதாகவும் மறுபாதி சிறிதாகவும் வந்து, விரல் நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டியில் வைத்து வெட்டினால் ஏறக்குறைய சமமாக வருகிறது. விலையைப் பொறுத்தவரை, ஒரு மாத்திரைக்கு ஆகும் செலவு உணவகத்தில் ஒரு காபிக்கு ஆவதை விடக் குறைவு.

அளவுதான் சிக்கல். நம் வீடுகளில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபிக்கு 10 கிராம் தூள் போடுவதாகவும், அது 80க்கு 20 என்ற விகிதத்தில் சிக்கரி கலந்தது என்றும் வைத்துக்கொண்டால், அதில் காபி 8 கிராம். அரபிகா வகைக் காபியில் காஃபீன் ஏறத்தாழ 1.2 விழுக்காடு, சிக்கரியில் காஃபீன் கிடையாது. முழுதும் டிகாக்ஷனில் இறங்கிவிட்டாலும் 100 மி.கி.யைத் தாண்டாது. ஆக ஒரு மாத்திரை என்பது இரண்டு டம்ளர் காபியை ஒரே மடக்கில் குடிப்பதற்குச் சமம், அதுவும் வெறும் வயிற்றில் போடுபவருக்கு முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல், ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே தடவையில் 200 மி.கி.யும் ஒரு நாளில் 400 மி.கி.யும் கவலைக்குரியவை அல்ல என்றது. ஒரு தடவைக்கான அந்தக் கோட்டின் மேலேயே மாத்திரை நிற்கிறது. காலையில் வழக்கமான காபியைக் குடித்த கையோடு இதையும் போடுபவர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். "தேவைக்கேற்ப 1 முதல் 2 வரை" என்று புட்டியில் எழுதியிருப்பதை எந்த விதத்திலும் ஏற்க முடியவில்லை. ஒரு நாளில் அவ்வளவு என்றா, ஒரு வேளைக்கு அவ்வளவு என்றா என்பதுகூட அந்த வரியில் தெளிவாக இல்லை.

இதைவிடப் பெரிய குறை, எழுதாமல் விட்டவை. காஃபீனடங்கிய பானங்களுக்கு லிட்டருக்கு 300 மி.கி. என்ற உச்சவரம்பையும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையையும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருப்பதால், எனர்ஜி டிரிங்க் கேன்களில் அந்த வரியையாவது காணலாம். நான் வாங்கிய புட்டியில் "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்பதோடு சரி. காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைச் சிப்ரோஃபிளாக்சசின், ஃபுளுவாக்சமின் ஆகிய மருந்துகள் தடுப்பதால், அவற்றை உட்கொள்பவரின் உடலில் ஒரு மாத்திரையின் காஃபீன் நெடுநேரம் தங்கிவிடும். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரை ஆயுள் கணிசமாக நீள்கிறது; புகைபிடிப்பவர்களுக்கோ குறைகிறது. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் கலந்த மருந்தை எடுப்பவர் இதையும் சேர்த்தால், ஒரே ஏற்பியை இரண்டு பக்கமிருந்து மறிப்பதாகிறது. இதயப் பரிசோதனைக்காக மருத்துவமனையில் அடினோசின் செலுத்தவிருப்பவர் அதற்கு முன்பு குறைந்தது 12 மணி நேரமாவது காஃபீனைத் தவிர்க்க வேண்டும், இல்லையெனில் பரிசோதனையே பயனற்றுப் போகும். ஏ2ஏ மரபணுவின் ஒரு வகை உடையவர்களுக்குக் காஃபீன் பதற்றத்தைக் கூட்டுகிறது என்பதும் ஆய்வுகளில் வந்திருக்கிறது. நண்பருக்கு ஒத்துக்கொண்டது தமக்கு ஏன் கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் தருகிறது என்று குழம்புபவர்களுக்கு இந்தச் செய்தி உதவக்கூடும்.

இரவுப் பணியின் தொடக்கத்தில் ஒரு பாதி, நெடுந்தூரம் வண்டி ஓட்டுவதற்கு முன் ஒரு பாதி என்று எப்போதாவது பயன்படுத்துபவர்களுக்கு இது அளவு தெரிந்த, சர்க்கரையும் பாலும் இல்லாத, மலிவான வழி. அவர்களுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தேர்வுக்கு முந்தைய மாதம் முழுவதும் நாள்தோறும் இரண்டு போட்டுப் படிக்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்: படித்ததை மூளை தூக்கத்தில்தான் உறுதிப்படுத்திக்கொள்கிறது, அந்தத் தூக்கத்தை இந்த மாத்திரை கடித்துவிடும். வாங்குவதானால், நடுவே கோடு உள்ளதையும், உள்ளடக்கப் பட்டியலில் காஃபீன் என்று மட்டும் எழுதியிருப்பதையும் பார்த்து வாங்கவும். "தனிக்கலவை" என்ற பெயரில் காஃபீன் உள்ள குவாரானா என்ற விதையையும் பச்சைத் தேயிலைச் சாற்றையும் அளவு குறிப்பிடாமல் சேர்த்து விற்பவற்றில் இன்னும் எவ்வளவு காஃபீன் ஒளிந்திருக்கிறது என்று வாங்குபவரால் கணக்கிட வழியே இல்லை.